அகதிகள் நலம் படிக்கப் போவது எங்கே: அம்மானா, டாக்காவா, லண்டனா?

கேள்வி இதுதான். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் மூன்று ஆண்டாக வேலை பார்க்கும் ஒருவர், அகதிகளின் உடல்நலமும் மனிதாபிமான உதவியும் பற்றி வெளிநாட்டில் படிக்க நினைக்கிறார். ஜோர்டானில் ஒரு செமஸ்டர் படிப்பு, லண்டனில் ஓராண்டு முதுகலை என்று இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். எதற்குப் போகலாம், படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை கிடைத்தால் லண்டனுக்குப் போங்கள். கைக்காசு போட்டுப் போவதென்றால் டாக்கா. ஜோர்டான் இந்தத் துறைக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடசாலைகளில் ஒன்று. ஆனால் ஒரு செமஸ்டரை வைத்து அங்கே எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் பயன். பொது சுகாதாரத்தில் வேலை பார்ப்பவன், ஜோர்டான் தலைநகர் அம்மானில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

உலகம் முழுவதும் போராலும் வன்முறையாலும் துரத்தப்பட்டவர்கள் 2024 முடிவில் 12 கோடியே 30 லட்சம் பேர் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலானோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். 2009இல் வவுனியா மெனிக் பாமில் முள்வேலிக்குள் வைக்கப்பட்ட மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டாததால் சட்டப்படி அவர்கள் அகதிகள் இல்லை. எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து நாடு பெரும்பாலும் பணக்கார நாடாக இருப்பதில்லை. ஆக, அகதிகள் நலம் என்பது நடைமுறையில் லெபனான், ஜோர்டான், வங்கதேசம், உகாண்டா, சாட் போன்ற நாடுகளின் சுகாதார அமைப்பு தன் மக்களையும் பார்த்துக்கொண்டு, வந்தவர்களையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதுதான். இதைக் கற்றுக்கொடுக்காத படிப்பு எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் பாதிப் படிப்பே.

இந்தத் துறை எதிலிருந்து பாடம் கற்றது என்று தெரிந்தால், எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் சில நாட்களுக்குள் காங்கோவின் கோமா பகுதிக்குள் நுழைந்தார்கள். அப்போது அந்த நாட்டின் பெயர் ஜயர். அந்த மண் எரிமலைப் பாறை. கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியவில்லை, பிணம் புதைக்கவும் முடியவில்லை. முதல் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் காலராவும் சீதபேதியும். உதவ வந்த நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. யார், எதை, எவ்வளவு தர வேண்டும் என்ற பொது அளவுகோல்தான் இல்லை. அதன் விளைவாக 1997இல் தொடங்கிய முயற்சிதான் ஸ்ஃபியர் கையேடு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, கூரைக்குக் கீழே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 2,100 கிலோ கலோரி உணவு. பத்தாயிரம் பேரில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அது அவசர நிலை. எங்கே போய்ப் படித்தாலும் முதல் வாரத்தில் இந்த எண்கள் உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

அதற்கு முன்பே நம் நாட்டில் நடந்த ஒன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் ஊர் அகதிகளால் நிரம்பி வழிந்தது. காலரா பரவியது. அங்கே போன டாக்டர் திலீப் மகலனாபிஸ் பார்த்தது, தரையெல்லாம் நோயாளிகள் கிடந்த மருத்துவமனை அறைகள். மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த டிரிப்ஸும் தீர்ந்துகொண்டே வந்தது. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளவாகக் கலந்து, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளியோடு வந்த அம்மா, அண்ணன், மாமா யாராக இருந்தாலும் குவளையில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா. அவ்வளவுதான். டிரிப்ஸை மட்டும் நம்பியிருந்த இடங்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தபோது, அவர் பார்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இறந்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. இன்று நீங்கள் வார்டில் கிழித்துக் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை உலகம் நம்பத் தொடங்கியதில் அந்த அகதி முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ரொம்பத் தாமதம் என்று எனக்கு இன்னும் வருத்தம்.

இதில் உங்களுக்கான சேதி ஒன்று இருக்கிறது. அகதி முகாமில் உயிர் காப்பதில் பெரும்பகுதி நர்சும் சுகாதாரப் பணியாளரும் குடும்பத்தாரும் செய்யக்கூடிய வேலை. டாக்டர் இல்லையே என்று தயங்கவே வேண்டாம்.

சரி, ஜோர்டானுக்கு வருவோம். ஜோர்டான் என்றதும் எல்லோரும் சிரிய அகதிகளுக்கான ஜாத்தரி முகாமைத்தான் நினைக்கிறார்கள். 2012 ஜூலையில் சிரியா எல்லையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், மஃப்ரக் மாகாணத்துப் பாலைவனத்தில் திறந்தது. அடுத்த ஆண்டே ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரைத் தாண்டி, நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்று போல ஆனது. ஆனால் ஜோர்டானில் இருந்த சிரிய அகதிகளில் ஐந்தில் நான்கு பேர் முகாமிலேயே இல்லை. அம்மான், இர்பித், மஃப்ரக் ஊர்களில் வாடகை வீட்டில், சாதாரணத் தெருவில் இருந்தார்கள். அவர்களுடைய பிரச்சினை பலருக்கும் எதிர்பாராததாக இருக்கும். போருக்கு முன் சிரியா நடுத்தர வருமான நாடாக இருந்தது, நாள்பட்ட நோய்கள் அங்கே ஏற்கெனவே பரவலாக இருந்தன. எனவே வந்தவர்களிடம் காலராவைவிட சர்க்கரையும் பிரஷரும் மூட்டுவலியும் ஆஸ்துமாவும்தான் அதிகம். முகாமுக்கு வெளியே இருந்த குடும்பங்களில் 2014இல் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றில், பாதி வீடுகளில் ஒருவருக்காவது நாள்பட்ட நோய் இருந்தது. இன்சுலினும் மாத்திரையும் மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் வேண்டும். அவசர உதவிக்கு என்று மூன்று மாதம், ஆறு மாதம் கணக்கில் வரும் நிதி இதற்குத் தோதானதே இல்லை.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். 2014 நவம்பர் வரை பதிவு செய்த சிரிய அகதிகளுக்கு ஜோர்டான் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். பிறகு காப்பீடு இல்லாத ஜோர்டானியர் கட்டும் கட்டணத்தை அவர்களும் கட்ட வேண்டும் என்று மாறியது. 2018 தொடக்கத்தில், வெளிநாட்டவர் கட்டணத்தில் 80 சதவீதம் என்று உயர்த்தினார்கள். 2019இல் மறுபடி காப்பீடு இல்லாத ஜோர்டானியர் கட்டணத்துக்கே கொண்டுவந்தார்கள். காகிதத்தில் நான்கு வரி. இர்பித்தில் ஒரு வீட்டில் அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். ஐம்பது வயது அம்மா ஒருவர், சர்க்கரை நோயாளி. ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் பேனா இருக்கிறது, ஆனால் ஊசி குத்துவது ஒருநாள் விட்டு ஒருநாள். காரணம் கேட்டால், வாடகை கட்டிய மாதம் இப்படித்தான் என்கிறார். மருந்து எவ்வளவு என்று கேட்டால் அதைவிட ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் டாக்சிக் காசும் ரத்தப் பரிசோதனைக் காசும்தான் கணக்கில் வருகிறது. இந்த மாதிரி நோயாளியை நீங்கள் மதுரையிலும் பார்த்திருப்பீர்கள். வித்தியாசம் என்னவென்றால், இவருக்கு விலை நிர்ணயிப்பது அவர் ஓட்டுப் போட முடியாத ஓர் அரசும், அவர் பார்த்தே இராத நன்கொடை நாடுகளும்.

அங்கே படிக்கப் போனால் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. 1951 அகதிகள் உடன்படிக்கையில் ஜோர்டான் கையெழுத்திடவில்லை. 1998இல் ஐ.நா. ஆணையத்தோடு செய்த புரிந்துணர்வு ஒப்பந்தம்தான் அடிப்படை. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இல்லை, வங்கதேசமும் தாய்லாந்தும் இல்லை. சட்டப்படி கடமை இல்லாத நாடு ஏன் சிகிச்சை தருகிறது, எப்போது நிறுத்துகிறது, யாருக்குத் தருகிறது? ஒரே அம்மானில் சிரியருக்கு ஒரு வழி, ஏமன்காரருக்கும் சூடானியருக்கும் இன்னொரு வழி. 2019 ஜனவரியில் சிரியர் அல்லாத பலரின் பதிவையே நிறுத்தச் சொன்னது அரசு. பதிவு இல்லையென்றால் கிளினிக் கதவு திறக்காது. பதிவு அட்டையும் ஒரு மருந்துதான் என்று அங்கே போனதும் புரியும்.

அதே ஊரில் பாலஸ்தீனர்களும் இருக்கிறார்கள். 1948லும் 1967லும் வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று 20 லட்சத்துக்கும் மேல் பதிவில். அவர்களுக்குத் தனி ஐ.நா. அமைப்பு, உன்ர்வா. அதன் கிளினிக்குகள் தலைமுறை தலைமுறையாகத் தடுப்பூசி, பிரசவப் பரிசோதனை, சர்க்கரை நோய்ச் சிகிச்சை என்று பார்க்கின்றன. வஹ்தாத் முகாமுக்குள் போனால் முகாம் என்றே தெரியாது. காய்கறிக் கடை, துணிக்கடை, மாடி வீடு, நெரிசல். எழுபது ஆண்டு கழித்து ஒரு முகாம் எப்படி இருக்கும் என்று பார்க்க உலகில் இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். மறுபக்கம், எல்லைகள் இல்லாத மருத்துவர்கள் அமைப்பு 2006 முதல் அம்மானில் நடத்திவரும் மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சை மருத்துவமனை. இராக், சிரியா, ஏமன், காஸா என்று போரில் சிதைந்தவர்களுக்குத் தாடையும் கையும் காலும் மாதக்கணக்கில் சரிசெய்கிறார்கள். உடற்பயிற்சி சிகிச்சையும் மனநல ஆலோசனையும் அதோடு சேர்ந்தே நடக்கிறது.

ஜாத்தரியிலும் கற்க நிறைய உண்டு. அங்குள்ள ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் பிரசவ கிளினிக்கில் பத்தாயிரத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தும் ஒரு தாய்கூட இறக்கவில்லை என்பது சாதாரண சாதனை இல்லை. முகாம் சூப்பர் மார்க்கெட்டில் பொருள் வாங்கிக் கல்லாவுக்கு வரும் பெண் பணம் எடுப்பதில்லை, கருவியில் கண்ணைக் காட்டுகிறார். கருவிழியை வைத்து ஆளை அடையாளம் கண்டு, உணவு உதவித் தொகையிலிருந்து பில் கழிகிறது. வசதிதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா? அந்தத் தகவல் நாளை யாரிடம் போகும்? நல்ல ஆசிரியர் வாய்த்தால் இந்த ஒரு கல்லாவை வைத்தே ஒரு வாரம் வகுப்பு நடத்துவார்.

இனி செமஸ்டர் படிப்பின் நிஜம். ஸ்கூல் ஃபார் இன்டர்நேஷனல் டிரெயினிங் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நடத்தும் இவை அடிப்படையில் இளங்கலை மாணவர்களுக்கானவை. அம்மானில் ஒரு குடும்பத்தோடு தங்கல், அரபு வகுப்பு, விரிவுரை, சில நிறுவனங்களைப் போய்ப் பார்ப்பது, கடைசியில் சிறு ஆய்வு. பட்டம் முடித்து வார்டில் வேலை பார்த்த உங்களுக்கு இது விலை அதிகம், பாடம் குறைவு. முகாமுக்குள் போக ஜோர்டான் உள்துறையின் கீழுள்ள சிரிய அகதிகள் விவகார இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் சில மணி நேரம். உள்ளூர் லைசென்ஸ் இல்லாமல் ஒரு நோயாளிக்கு பிரஷர்கூடப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அப்புறம், 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்த பிறகு சிரியர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இனி அங்கே படிக்க வேண்டியது திரும்பிப் போனவர்களின் சிகிச்சை எப்படித் தொடர்கிறது என்பதும்தான். பழைய பாடத்திட்டத்தையே ஓட்டும் படிப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். அகதிகள், ஆய்வாளர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். மாணவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாலே, இவர் மூலம் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ வழி பிறக்குமா என்று ஒரு நம்பிக்கை முளைக்கும். அதை வாயால் வளர்க்காவிட்டாலும் மௌனத்தால் வளர்த்துவிடலாம். பேச ஆரம்பிக்கும் முன்பே, என்னால் உங்கள் கேஸுக்கு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட வேண்டும். குழந்தைகளைப் படம் எடுத்துப் போடுவதை அறவே தவிர்க்க வேண்டும். ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் பேட்டி எடுக்கச் சொல்லும் படிப்பு என்றால், அந்தப் படிப்பின் தரத்தை அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

டாக்காவை ஏன் சொன்னேன்? பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி கிராண்ட் பொது சுகாதாரப் பள்ளியில் ஓராண்டு எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுகலை, இருக்கிறது. வகுப்பைவிட களத்துக்கு முக்கியத்துவம் தரும் படிப்பு, ஆசிரியர்கள் பல நாட்டவர்கள், வகுப்பில் ஆசியா ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆட்கள். செலவு இங்கிலாந்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. அதே நாட்டில் காக்ஸ் பஜார். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வந்திறங்கிய இடம். அந்த ஆண்டு இறுதியிலேயே முகாமில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வெடித்தது. பல டாக்டர்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த நோய். அவர்கள் விட்டு வந்த மியான்மரின் ராக்கைனில் அந்தப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியே ஒழுங்காகப் போடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நர்சாக உங்களுக்கு அங்கே கற்க மலையளவு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 2024க்குப் பிறகு இந்தியா–வங்கதேச உறவு ஏற்ற இறக்கமாக இருக்கிறது. விசா நிலவரத்தை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொரு இடம் தாய்லாந்தின் மே சொட். மியான்மர் எல்லை. 1988இல் தானே தப்பி வந்த டாக்டர் சிந்தியா மாங் அடுத்த ஆண்டு தொடங்கிய மே டாவ் கிளினிக் அங்கேதான் இருக்கிறது. அகதிகளே அகதிகளுக்குச் சுகாதாரப் பணியாளர் ஆன கதை. மலேரியா ஆய்வில் பெயர் பெற்ற ஷொக்லோ ஆய்வகமும் அதே பக்கம். பாங்காக் மகிடோல் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவமோ பொது சுகாதாரமோ சேர்ந்து, ஆய்வுக்கு மே சொட் போவது நல்ல வழி.

ஐரோப்பா பக்கம் சுருக்கமாக. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனிலும் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும் பாடம் மிகக் கறாரானது, நோய்ப்பரவல் கணக்கும் ஆய்வு முறையும் எலும்பில் ஏறும். ஜெனீவா மனிதாபிமானப் படிப்பு மையம் ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களுக்குத் தோது. ஆக்ஸ்ஃபோர்டின் அகதிகள் ஆய்வு மையம் 1982இல் தொடங்கியது, சட்டமும் அரசியலும் சமூகமும் படிக்க அருமை, ஆனால் அது சுகாதாரப் படிப்பு இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் பிழிந்து கொடுக்கும் ஹெல்ப் என்ற பயிற்சியைச் செஞ்சிலுவைச் சங்கம் 1986 முதல் நடத்துகிறது. களத்துக்குப் போய்வந்த பிறகு அதில் சேர்ந்தால் நன்றாக ஒட்டும்.

இங்கிலாந்துக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் சர்வசாதாரணமாக 40 லட்சத்தைத் தாண்டிவிடும். வீட்டை அடகு வைத்து இந்தத் துறைக்கு வராதீர்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. முடித்ததும் இரண்டு ஆண்டு ஊர் திரும்பியிருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகை, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் ஆகியவற்றையும் பாருங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், அடுத்த சில நாட்களிலேயே தாய்–மியான்மர் எல்லை முகாம்களின் கிளினிக்குகள் மூடப்பட்டன. ஆக்சிஜனில் இருந்த நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் அந்த ஆண்டில் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைத்தது. அனுபவமுள்ளவர்களே வேலை தேடும் காலம் இது. புதிதாக எம்.பி.எச். வாங்கியவரை ஜெனீவாவில் யாரும் காத்திருந்து கூப்பிட மாட்டார்கள். ஆனால் களத்தில் கைவேலை தெரிந்த நர்சுக்குத் தேவை குறையவில்லை. எல்லைகள் இல்லாத மருத்துவர்கள் அமைப்புக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது, இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் வார்டு அனுபவத்தையும், ஒரு குழுவை நடத்தத் தெரியுமா என்பதையும்தான். பிரெஞ்சோ அரபோ தெரிந்தால் வரிசையில் முன்னால் போகலாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஓராண்டு இங்கேயே செய்யக்கூடியதும் உண்டு. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. நாற்பது ஆண்டாகியும் அங்கே சர்க்கரை நோய், மனநலம், மதுப் பிரச்சினை, குடியுரிமை இல்லாத இளைஞர்களின் மனச்சோர்வு என்று கற்க வேண்டியவை ஏராளம். 1984 முதல் அம்மக்களே நடத்திவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடம் நேரில் போய், சுகாதாரப் பணியில் எங்கே உதவி தேவை என்று கேளுங்கள். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் எம்.பி.எச். படிப்பையும் ஒருமுறை பாருங்கள். அதை முடித்துவிட்டு நேரே களத்துக்குப் போனவர்களும் உண்டு. எக்செல்லில் தடுப்பூசிக் கணக்கு போடவும், கோபோ போன்ற செயலியில் கணக்கெடுப்புப் படிவம் அமைக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் அகதிகள் மீது இரக்கம் என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். உங்கள் வார்டில் மருந்து தீர்ந்த ஒரு நாள் என்ன செய்தீர்கள், எந்தப் பதிவேட்டைத் திருத்தினீர்கள், யாரிடம் சண்டை போட்டு எதை வரவழைத்தீர்கள் என்று எழுதுங்கள். செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். பரிந்துரைக் கடிதம் தரப்போகும் நர்சிங் கண்காணிப்பாளரிடம் ஜூலையிலேயே பேசி வைத்துவிடுங்கள்.